பொதுச் சரக்கேற்றுநரின் பொறுப்பு (இந்தியா)

பொதுச் சரக்கேற்றுநரின் பொறுப்பு என்பது, வாடகை பெற்றுக்கொண்டு எவருடைய சரக்கையும் வேறுபாடின்றி ஏற்றிச் செல்லும் நிறுவனம், அச்சரக்கு தொலைந்தாலோ சேதமடைந்தாலோ ஈடுசெய்ய வேண்டிய சட்டக் கடமை ஆகும். இந்தியாவில் சாலைவழிச் சரக்குகளுக்கு இதனைச் சாலைவழிச் சரக்கேற்றல் சட்டம், 2007 வரையறுக்கிறது. லாரி புக்கிங் நிறுவனங்கள், முகவர்கள், தரகர்கள், கூரியர் நிறுவனங்கள் ஆகியோரும் இதில் அடங்குவர். அரசு இதில் அடங்காது.

வரலாறு

இக்கோட்பாடு இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலிருந்து வந்தது. சரக்கேற்றுநர் திருடர்களுடன் கூட்டுச் சேர்ந்தால் சரக்குக்கு உரியவரால் அதனை நிறுவ இயலாது என்பதே இக்கடும் பொறுப்புக்குக் காரணமாக 1703இல் கோக்ஸ் எதிர் பெர்னார்ட் வழக்கில் கூறப்பட்டது. மனிதரால் மூண்ட தீ இயற்கைச் செயல் ஆகாது என 1785இல் ஃபார்வர்ட் எதிர் பிட்டார்ட் வழக்கில் முடிவாயிற்று. இந்தியாவில் 1865ஆம் ஆண்டின் சரக்கேற்றுநர் சட்டம் இக்கோட்பாட்டைப் பின்பற்றியது. அதற்கு மாற்றாக வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பொறுப்பின் தன்மை

வழக்குத் தொடுப்பவர் சரக்கேற்றுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சரக்கு ஒப்படைக்கப்பட்டதையும் அது வந்து சேராததையும் காட்டினால் போதும். கிடங்கில் தீப்பற்றிச் சரக்கு அழிந்த நாத் பிரதர்ஸ் எதிர் பெஸ்ட் ரோட்வேஸ் வழக்கில் (2000), சரக்கேற்றுநரின் பொறுப்பு காப்புறுதியாளரின் பொறுப்பைப் போன்றது என உச்ச நீதிமன்றம் கூறியது. ரசீதில் "உரிமையாளர் பொறுப்பில்" என எழுதப்பட்டிருப்பது மட்டுமே கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து சரக்கேற்றுநரை விடுவிக்காது.

விதிவிலக்குகள்

பின்வரும் காரணங்களால் நேரும் இழப்புக்குச் சரக்கேற்றுநர் பொறுப்பாகார்:

* இயற்கைச் செயல்
* போர் அல்லது பகைவர் செயல்
* கலவரம்
* சட்ட நடவடிக்கையின்கீழ்ப் பறிமுதல் அல்லது தடுத்துவைப்பு
* அரசின் ஆணை அல்லது தடை

எனினும், உரிய முயற்சியால் இழப்பைத் தவிர்த்திருக்க முடியுமாயின் இவ்விலக்கு கிடைக்காது.

இழப்பீட்டு வரம்பு

2011ஆம் ஆண்டின் விதிகளின்படி, இழப்பீடு வாடகையின் 10 மடங்குக்கு மேற்படாது. அறிவிக்கப்பட்ட சரக்கு மதிப்பையும் மிஞ்சாது. எடுத்துக்காட்டாக, 2,00,000 ரூபாய் மதிப்புள்ள துணிக்கு 3,000 ரூபாய் வாடகை எனில், உச்ச இழப்பீடு 30,000 ரூபாய் ஆகும். அனுப்புநர் கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்த வெளிப்படையாக உடன்பட்டிருந்தால் இவ்வரம்பு பொருந்தாது. எனவே, சரக்கின் மதிப்பை அனுப்புகைக் குறிப்பில் சரியாக எழுதுவதும், மதிப்பு மிகுந்த சரக்குக்குக் கூடுதல் கட்டணம் அல்லது தனிக் காப்புறுதியைத் தேர்வதும் அனுப்புநருக்கு முக்கியமானவை.

முன்னறிவிப்பு

இழப்பு அல்லது சேதத்துக்காக வழக்குத் தொடுக்கும் முன் எழுத்து வடிவில் அறிவிப்பு தரப்பட வேண்டும். அது சரக்குப் பதிவு செய்யப்பட்ட நாளிலிருந்து 180 நாட்களுக்குள் தரப்பட வேண்டும். பழைய சட்டத்தில் இழப்பு தெரியவந்த நாளிலிருந்து 6 மாதம் எனக் கணக்கிடப்பட்டது. புதிய சட்டத்தில் பதிவு நாளே தொடக்கம் என்பதால், தாமதத்துக்குச் சாக்குச் சொல்லப்படும் காலமும் இக்கெடுவுக்குள் கழிந்துவிடும்.

கிடங்குச் சேவையுடன் வேறுபாடு

சரக்கை ஏற்றிச் செல்லாமல் காத்து வைக்க மட்டும் ஏற்பவர், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி பொருள் காப்பாளர் ஆவார். முன்னெச்சரிக்கையுள்ள ஒருவர் தம் பொருளுக்குக் காட்டும் கவனத்தை அவர் காட்டியிருந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவிடத்து இழப்புக்குப் பொறுப்பாகார். ஒரே நிறுவனம் இரு சேவைகளையும் வழங்கும்போது, இழப்பு நேர்ந்த வேளையில் சரக்கு எந்தச் சேவையின்கீழ் இருந்தது என்பதைப் பொறுத்தே அதன் பொறுப்பு முடிவாகும்.