மோகினியின் மூன்றாம் நாள்

கதையுள் இடம் பெறாதவர் வாழ்வில் இடம் பெறுதல் அரிது. இதனை உணர நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செஞ்சிக்கு அருகே, பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் திரௌபதியம்மன் கோயிலை அடியவர் ஆதிக் கோயிலாகப் போற்றுவர். இம்மண்ணின் பாரதக் கூத்தில் அரவானுக்குத் தனியிடம் உண்டு. வியாச பாரதத்தில் அவன் எட்டாம் நாட் போரில் மடிகிறான். தமிழ் மரபோ அவனைக் களப்பலியாக்கி, பலிக்கு முன்னர் மோகினி வடிவெடுத்த கண்ணனை மணமுடித்து வைக்கிறது.

கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் திருநங்கையர் அரவானுக்காகத் தாலி ஏற்கின்றனர். மறுநாளே தாலி அறுத்து வெண்புடவை உடுத்துகின்றனர். இதனை நான் வகுப்பில் விளக்கியபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “அதற்கடுத்த நாள் மோகினிக்கு என்ன ஆயிற்று, அம்மா?” என்று வினவினார். என்னிடம் விடையில்லை. அடுத்த பருவத்தில் அவர் கல்லூரிக்கு வரவுமில்லை.

தமிழில் இவர்களைப் பற்றிய பதிவு பழமையானது. தொல்காப்பியம் பேடியர்க்குரிய சொன்முடிபை வகுத்துள்ளது. சிலம்பு கூறும் பதினோராடலுள் காமன் ஆடிய பேடும் ஒன்று. ஆயினும் அவர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதி நூலாக்கியது அண்மைக் காலத்தில்தான். 2007இல் வெளிவந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு, வீடு நீங்கியதையும் கையேந்தியதையும் வேலை தேடி அலைந்ததையும் ஒளிவின்றி உரைத்தது. 2008இல் தமிழக அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. நேற்றைய துயரைத் தன்வரலாறு சொன்னது. இன்றைய உரிமையைச் சட்டம் சொன்னது. நாளையை யார் சொல்வது?

அது அறிவியல் புனைவின் பணி. வங்கத்து ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் நம் சென்னையில், ‘இந்தியன் லேடீஸ் மேகசீன்’ இதழில் அச்சேறியது. அதில் மகளிர் கதிரவன் வெப்பத்தைக் கொண்டு நாடாள, ஆடவர் அந்தப்புரத்தில் உறைகின்றனர். பால்வழக்கைப் புரட்டிப் பார்க்கும் துணிவு அன்றே நம் அச்சகம் ஏறிவிட்டது.

இக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் நமக்கு உறவுடையதே. அக்வேகே எமெசி 1987இல் நைஜீரியாவில் பிறந்தவர். தந்தை இக்போ இனத்தவர், தாய் தமிழர். 2019இல் வெளிவந்த ‘பெட்’ என்னும் அவரது இளையோர் புதினத்தில், வருங்காலமும் மாயமும் கலந்த நகரமொன்றில் ஜாம் என்னும் திருநங்கைச் சிறுமி வாழ்கிறாள். மழலையிலேயே தன்னைப் பெண்ணென்று அவள் உரைக்க, பெற்றோர் ஏற்றுக்கொள்கின்றனர். அவளுடைய பால் அங்கே எவர்க்கும் சிக்கலாயில்லை. ஆயினும் கதையில் இடர் இல்லாமல் இல்லை. கொடியவர் எவரும் எஞ்சவில்லை என்று ஊரார் நம்பியிருக்க, தோழன் வீட்டில் மறைந்திருக்கும் கொடுமையை அவள் கண்டறிகிறாள். துயரைத் தாங்குபவளாக மட்டும் நில்லாது பிறர் துயர் களைபவளாகவும் அவள் வளர்கிறாள். பால்புதுமை இளையோர்க்கு இப்புனைவு தரும் நம்பிக்கை இதுவே.

எந்திர நாய்க்கும் தமிழில் பேச்சளித்தார் சுஜாதா. நம் மொழிக்கு இயலாத கற்பனை ஏது? வட்டம் பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் கவிஞர் பெருமக்களை ஒன்று வேண்டுகிறேன். மோகினியின் மூன்றாம் நாளை எழுதுங்கள். அம்மாணவர் எங்கிருந்தேனும் அதனைப் படிக்கக்கூடும்.