கூட்டுமுன் கேட்க வேண்டியவை



நான் கணக்குக் கற்பித்த நாட்களில், சராசரிப் பாடம் வந்தால் மாணவரிடம் ஒன்று கேட்பதுண்டு: "ஒருவன் 90 மதிப்பெண் பெற்றான், மற்றவன் 10 பெற்றான், சராசரி 50. அந்த 50 வாங்கிய பையன் எங்கே?" வகுப்பு சிரிக்கும். மருத்துவ ஆராய்ச்சியிலோ, இதே கேள்வி உயிர்களைத் தொட்டு நிற்கிறது.

ஒரே சிகிச்சையைப் பற்றிப் பலர் செய்த ஆய்வுகளை முறையாகத் திரட்டி மதிப்பிடுவதைத் தொகுப்பாய்வு என்பர். அதன் தொடக்க முயற்சிகளுள் ஒன்று 1904ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்கப் போயர் போரில் பிரிட்டிஷ் வீரர் பலரை டைபாய்டு கொண்டுபோயிற்று. ஆல்ம்ராத் ரைட் ஆக்கிய தடுப்பூசி அதைத் தடுத்ததா என்று ஆராய்ந்தவர், புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன்.

தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த படைகளின் கணக்குகளை அவர் ஒரே குவியலாகக் கொட்டவில்லை. நோய் வராமல் காத்ததா என்பதையும், வந்தவரைச் சாவினின்று காத்ததா என்பதையும் தனித்தனிக் கேள்விகளாக்கினார். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒட்டுறவுக் கெழு கண்டார். தொடர்பே இல்லையெனில் அது 0. முழுத் தொடர்பெனில் 1. முதற்கேள்விக்கு லேடிஸ்மித் படையில் 0.445 வந்தது, தனி ரெஜிமெண்டுகளில் 0.021. ஐந்து தொகுதிகளின் சராசரி ஏறக்குறைய 0.23. இம்முரண்பாடு அவரை உறுத்திற்று. ஊசியை உடனே பொதுவழக்காக்காமல், முன்வரும் வீரரில் ஒருவர் விட்டு ஒருவருக்கு மட்டும் இட்டு ஒப்பிட வேண்டுமென்றார்.

அறிவுரை நன்று, அளவுகோல் பொருந்தியதா? லேடிஸ்மித்தில் ஊசி போட்ட 1,705 பேரில் 35 பேர் நோயுற்றனர். போடாத 10,529 பேரில் 1,489 பேர். அதாவது நூற்றுக்கு 2, நூற்றுக்கு 14. எத்தனை பேர் நோயினின்று தப்புவர் என்று கேட்பவனுக்கு இக்கணக்கே விடை தரும். ஆயினும் ஊசி போட்டுக்கொண்டோர் தாமே முன்வந்தவர்கள்; மற்றவரோடு எல்லாவகையிலும் ஒத்தவரென்று சொல்ல இயலாது. மூலத்திலுள்ள அக்குறையை எந்தச் சூத்திரமும் போக்காது.

பின்னாளில் கருவிகள் பெருகின. 1976இல் ஜீன் கிளாஸ் 'மெட்டா அனாலிசிஸ்' என்று பெயரிட்டார். ஆய்வுக்கு ஆய்வு உண்மைப் பயனே வேறுபடலாம் என்று கொண்டு கணக்கிடும் வழியை, 1986இல் டெர்சிமோனியனும் லேர்டும் தந்தனர்.

கருவி எதுவாயினும் வரிசை மாறலாகாது: கேள்வி யாது, அதற்கேற்ற அளவு யாது, சேர்ப்பவை ஒரே இனந்தாமா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே கூட்டலாம். இனம் ஒவ்வாவிடில், கூட்டாமல் வேற்றுமையின் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை. கூட்டல் எளிது, நேயர்களே. எதைக் கூட்டலாம் என்று தேர்வதே கணக்கு.