முத்திரைத்தாளில் எழுதிய வாக்கு

சில மாதங்களுக்கு முன், ஒரு மாலை வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கையில் ஒரு தாளுடன் பங்கு இல்லத்தின் திண்ணையருகே வந்து நின்றார். பத்தாம் வகுப்பை முடித்த தம் மகனைப் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ப்பதற்காக அவர் கையொப்பமிட வேண்டிய தாள் அது. "சாமி, இதுல கையெழுத்துப் போடலாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். வாங்கிப் படித்தோம். வேலை நேரம் குறிக்கப்பட்டிருந்தது. மாதந்தோறும் தரப்படும் தொகை குறிக்கப்பட்டிருந்தது. பொருள் சேதமானால் பிடித்தம் செய்யப்படும் என்ற விதியும் இருந்தது. பையனுக்கு என்ன கற்றுக்கொடுக்கப்படும் என்பது மட்டும் எங்கும் காணப்படவில்லை.

அந்தத் தாள், குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாட்களில் நாம் அறிந்த வேறொரு தாளை நினைவுக்குக் கொண்டுவந்தது. 1852-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8-ஆம் நாள், இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் முத்திரைத்தாளில் எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. தச்சர் ஒருவர், சிறுவன் ஒருவன், அவன் தந்தை, குரு ஒருவர் ஆகிய நால்வர் அதில் சம்பந்தப்பட்டிருந்தனர். அந்தக் குருவின் பெயர் ஜான் போஸ்கோ.

புனித தொன் போஸ்கோவை அறியாத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே அரிது. அவர் கண்ட கனவுகளையும், கயிற்றின்மேல் நடந்து சிறுவர்களைக் கூட்டிய திறத்தையும், இருளில் அவருக்குத் துணை வந்த சாம்பல் நிற நாயையும் பற்றிக் கேட்டே நாமெல்லாம் வளர்ந்தோம். அந்தக் கதைகளின் நடுவே இந்த முத்திரைத்தாள் மறைந்துவிட்டது. ஆயினும், இன்று உலகெங்கும் அவர் பெயரால் நடைபெறும் தொழிற்பள்ளிகளின் வேரைத் தேடிச் சென்றால், நாம் முதலில் காண்பது பட்டறையை அன்று. இந்தத் தாளையே காண்கிறோம்.

தனித்து நின்ற சிறுவர்

ஜான் போஸ்கோ 1841-இல் குருவானார். அக்காலத்தில் தூரின் விரைந்து வளர்ந்துகொண்டிருந்த நகரம். எங்கும் கட்டடங்கள் எழும்பின. மலைநாட்டுச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சிறுவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள், திருவுடை அறையில் அவர் முதன்முதலாகச் சந்தித்து மறைக்கல்வி கற்பித்த சிறுவன் ஒரு கொத்து வேலைக்காரன், தாய் தந்தையற்றவன், எழுதப் படிக்கத் தெரியாதவன். 1847-இல் மழையில் நனைந்து, தங்க இடமின்றி, இரவில் அவருடைய கதவைத் தட்டியவனும் கொத்து வேலை தேடி வந்தவனே. அவனுக்குச் சமையலறையில் படுக்கை விரித்தவர் அன்னை மார்கரீத்தா. அவ்வில்லத்தில் தங்கிய முதல் சிறுவன் அவன்.

இச்சிறுவர்களின் துயருக்கு வறுமை மட்டுமே காரணம் அன்று. அதற்குமுன் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய நகரங்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது. தொழில் பழகும் காலம் எவ்வளவு, ஆசானின் கடமை யாது, மாணவன் எப்போது தொழிலாளி ஆவான் என்பனவற்றை அச்சங்கங்களே வகுத்தன. அவற்றில் குறைகளும் இருந்தன. வெளியாரை உள்ளே விடாமல் கதவடைத்தன. வணிகச் சுதந்திரத்தின் பெயரால், 1844-இல் பியட்மாண்ட் அரசு அவற்றைக் கலைத்தது. வெளியாரைத் தடுத்து நின்ற சுவர் இடிந்ததோடு, உள்ளிருந்த சிறுவனுக்குக் காவலாக நின்ற சுவரும் இடிந்தது. இனித் தொழில் கற்க வந்தவன் தன் முதலாளிக்கு முன்னால் தனியனாக நின்றான். அவனைத் தச்சனாக்குவதும், வீட்டு ஏவலுக்கு வைத்துக்கொள்வதும் முதலாளியின் விருப்பமாயிற்று.

ஞாயிறன்று திருப்பலிக்கும் விளையாட்டுக்கும் வந்த சிறுவர்களை, வார நாட்களில் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே சென்று கண்டார் தொன் போஸ்கோ. அங்கே கண்டவையே அவரைப் பேனா எடுக்க வைத்தன.

அத்தாளில் இருந்தவை

1851 நவம்பரில் கண்ணாடித் தொழிலாளி ஒருவருடன் எழுதப்பட்ட ஒப்பந்தமும் உண்டு. எனினும், 1852-இல் தச்சருடன் எழுதப்பட்டதே பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. அதன்படி, தச்சர் அச்சிறுவனை இரண்டாண்டுகள் தம்மிடம் வைத்துத் தொழிலைக் கற்பிக்க வேண்டும். அவன் தவறு செய்தால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். வேறு விதமாகத் திருத்தலாகாது. தொழிலுக்குரிய வேலைகளை மட்டுமே அவனிடம் வாங்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான ஏவல்களில் ஈடுபடுத்தலாகாது. அவனுடைய வலிமைக்கு மேற்பட்ட வேலை தரலாகாது. திருநாட்களில் அவனை முழுவதும் விட்டுவிட வேண்டும். கைத்திறன் வளர வளரக் கூலியும் உயர வேண்டும்.

சிறுவனுக்கும் கடமைகள் இருந்தன. பணிவும் கவனமும் கொண்டு கற்பதாக அவன் வாக்களித்தான். அவனால் சேதம் நேர்ந்தால் தந்தை பொறுப்பேற்றார். அவனுடைய நன்னடத்தைக்குத் துணை நிற்பதாகக் குருவானவர் ஒப்புக்கொண்டார்.

இந்த விதிகளை மெதுவாகப் படிக்கும்போது, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு துன்பம் நிற்பதைக் காண்கிறோம். 'சொல்லால் மட்டும்' என்று எழுத வேண்டியிருந்தமையால், அடிப்பதே வழக்கமாயிருந்தது என்பது விளங்குகிறது. 'தொழிலுக்குரிய வேலை மட்டும்' என்று எழுத வேண்டியிருந்தமையால், தச்சுக் கற்க வந்தவன் தண்ணீர் சுமந்தும் கடைக்கு ஓடியும் ஆண்டுகளைக் கழித்தான் என்பது விளங்குகிறது.

அந்நாட்டு அரசு இத்துறையில் எப்போது கண் திறந்தது என்பதும் எண்ணத்தக்கது. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலைகளில் அமர்த்தலாகாது என்று இத்தாலியச் சட்டம் விதித்தது 1886-இல்தான். சட்டம் வருவதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு குரு முத்திரைத்தாள் வாங்கி, ஒரேயொரு சிறுவனுக்காக ஒரு சிறு சட்டத்தை எழுதிவைத்தார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரின் உரிமைகளைக் குறித்துச் சுற்றுமடல் வரைந்த 1891-ஆம் ஆண்டுக்கும் இது 39 ஆண்டுகள் முற்பட்டது.

பட்டறை வீட்டிற்குள் வந்தபோது

எத்துணை நன்றாக எழுதப்பட்டாலும் ஒரு தாள் பட்டறை வாயிலோடு நின்றுவிடும். உள்ளே பேசப்படும் பேச்சையும் காட்டப்படும் முன்மாதிரியையும் அது தடுக்காது. ஆகவே, சிறுவர்களை வெளியே அனுப்பாமல் வால்டோக்கோ இல்லத்திலேயே தொழில் கற்பிக்க முனைந்தார் தொன் போஸ்கோ. 1853-இல் செருப்புத் தைக்கும் பட்டறையும் தையற்பட்டறையும் தொடங்கின. மாணவராயிருந்த காலத்தில் தையற்காரர் ஒருவர் வீட்டில் தங்கி ஊசி பிடிக்கக் கற்றிருந்தமையால், தையலை முதலில் அவரே கற்பித்தார். 1854-இல் நகரைத் தாக்கிய வாந்திபேதியால் அநாதைகள் பெருகினர், இல்லம் நிறைந்தது. அவ்வாண்டே நூற்கட்டுமானம் தொடங்கியது. 1856-இல் தச்சுப்பட்டறையும், 1862-இல் அச்சகமும் கொல்லுப்பட்டறையும் வந்து சேர்ந்தன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோர் இங்கே முற்றுப்புள்ளி வைப்பர். நமக்கோ, கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. வெளியே ஒரு முதலாளி இருந்தவரை, சிறுவனின் பக்கத்தில் குரு நின்றார். இப்போது பட்டறை குருவின் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. இல்லம் வளர்க்கும் குழந்தைகளுக்குச் சோறு வேண்டும். பட்டறை வருவாய் ஈட்ட வேண்டும். இல்லமே முதலாளியாகிவிட்டால், சிறுவனின் பக்கத்தில் நிற்பவர் யார்?

தொன் போஸ்கோ இக்கேள்வியால் பல ஆண்டுகள் அலைக்கழிக்கப்பட்டார். கூலிக்கு ஆசான்களை அமர்த்தினார். அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்களேயன்றி மாணவரைப் பார்க்கவில்லை. பட்டறையின் பொறுப்பு முழுவதையும் ஆசான்களிடமே விட்டுப் பார்த்தார். சிறுவர்கள் மீண்டும் வேலையாட்களாயினர். முத்திரைத்தாளில் எந்தத் தீமையைத் தடுத்தாரோ, அதுவே அவருடைய கூரையின்கீழ் தலைகாட்டியது. இறுதியில், பொதுநிலைத் துறவியரான சகோதரர்களிடம் பட்டறைகளை ஒப்படைப்பதிலேயே அவர் வழி கண்டார். சொந்த வருவாயை நாடாதவர், சிறுவர்களோடு ஒரே இல்லத்தில் வாழ்பவர், கைவினை அறிந்தவர் என்ற மூன்றும் பொருந்திய ஆசானையே அவர் தேடினார்.

மற்றொரு குறையும் இருந்தது. குருத்துவத்திற்கும் உயர்கல்விக்கும் படித்த மாணவர்களும், தொழில் கற்ற சிறுவர்களும் அங்கே இரு வேறு பிரிவினராயிருந்தனர். புத்தகம் ஏந்தியவன் உளி ஏந்தியவனைவிட உயர்ந்தவன் என்னும் எண்ணம் புனிதரின் இல்லத்திலும் புகாமலில்லை. அதை நீக்க அவர் பன்முறை முயல வேண்டியிருந்தது.

1884-இல் தூரினில் நடந்த தேசியக் கண்காட்சியில், கந்தைத் துணி தாளாவது, தாள் அச்சேறுவது, அச்சேறிய தாள் நூலாகக் கட்டப்படுவது வரை அனைத்தையும் மக்கள் கண்முன்னே செய்து காட்டியது அவருடைய இல்லம். 1886-இல் கூடிய சலேசிய சபையின் பொதுப்பேரவை, தொழில் கற்கும் சிறுவர்களின் பயிற்சி முப்பகுதிகளைக் கொண்டது என வகுத்தது: சமய-ஒழுக்கப் பயிற்சி, அறிவுப் பயிற்சி, கைத்தொழிற் பயிற்சி. தொழிலைக் கற்று முடித்து வெளியேறுபவன் தன் உணவைத் தானே மதிப்போடு ஈட்ட வல்லவனாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். 1888 ஜனவரி 31-இல் தொன் போஸ்கோ இறைவனடி சேர்ந்தார். அவருக்குப்பின், 1898 முதல் 1910 வரை இப்பொறுப்பை ஏற்றிருந்த அருட்தந்தை பெர்த்தெல்லோ, பாடத்திட்டங்களை ஆண்டு வாரியாக ஒழுங்குபடுத்தினார். பட்டறை மெல்ல மெல்லப் பள்ளியாயிற்று.

இத்தொண்டில் தொன் போஸ்கோ தனியரும் அல்லர். அதே தூரினில், அருட்தந்தை கோக்கி 1849-இல் தொடங்கிய இளம் தொழிலாளர் கல்லூரியை, 1866 முதல் கடன்சுமையோடு தாங்கி நடத்தியவர் லெயோனார்தோ முரியால்தோ. 1970-இல் அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார். 1958-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், இத்தாலி நாட்டில் தொழில் பழகுவோர் அனைவருக்கும் தொன் போஸ்கோவைப் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் மண்ணில்

1906 ஜனவரியில், மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று, அருட்தந்தை தொமாத்திஸ் தலைமையில் சலேசியர் தஞ்சாவூரில் கால்பதித்தனர். இந்திய மண்ணில் அவர்களுடைய பணி அங்கே, அநாதைச் சிறுவர்களிடையே தொடங்கியது. அதன்பின் தமிழகத்தில் எழுந்த தொழிற்பள்ளிகள் பல.

சுதந்திர இந்தியாவில் 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. தொழில் பழகுபவர் வேலையளிப்பவருடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும், பழகுபவர் சிறார் எனில் அவருடைய பாதுகாவலர் அதைச் செய்ய வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. முதலாளி, சிறுவன், அவனுக்காக நிற்கும் பெரியவர் என்ற அதே அமைப்பை இங்கும் காண்கிறோம். ஆனால் தெருவோரச் சிறு பட்டறைகளை அச்சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நம் பங்குப் பிள்ளைகளுள் பலர் தொழில் பழகுவதோ அங்கேதான்.

நாமும் நம்மை ஆராய்ந்து பார்க்க வேண்டும். பிள்ளை பொறியியற் கல்லூரியில் இடம் பெற்றால் நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்கிறோம். அவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால், "வேற வழியில்லாமப் போட்டிருக்கோம் சாமி" என்று தலைகுனிகிறோம். நாசரேத்தூர்த் தச்சரை வணங்கும் நாம், நம் ஊர்த் தச்சரின் மகனுக்கு அப்படி ஒரு தலைகுனிவைத் தருகிறோம். இந்தக் குற்றத்தில் பங்குக் குருவாகிய நமக்கும் பங்குண்டு. ஆண்டுவிழா மேடையில் மதிப்பெண் பெற்றவர்களுக்கே இதுவரை பரிசளித்து வந்திருக்கிறோம்.

மறுநாள் காலை, அந்தத் தாயோடும் மகனோடும் நாமும் பட்டறைக்குச் சென்றோம். உரிமையாளர் தீயவர் அல்லர். தாமும் அவ்வாறே அடிபட்டுத் தொழில் கற்றவர். என்ன கற்றுக்கொடுப்பீர்கள், எத்தனை நாளில் கற்றுக்கொடுப்பீர்கள் என்பதைத் தாளில் எழுதித் தருமாறு கேட்டோம். "இதெல்லாம் யாரு சாமி எழுதித் தராங்க?" என்று சிரித்தார். பின்னர் ஏதோ நினைத்தவராய்ப் பேனாவை வாங்கி, தாளின் அடியில் நான்கு வரிகள் எழுதினார்: பற்றவைப்பு, கடைசல், அளவெடுத்தல், வரைபடம் படித்தல். கை நீட்டமாட்டேன் என்பதை எழுத வேண்டாம், வாயால் சொல்கிறேன் என்றார். ஏற்றுக்கொண்டோம்.

தாய் கையொப்பமிட்டார். சாட்சியாக நாமும் இட்டோம். அதன்பின் பையன் அந்தத் தாளை வாங்கி, புதிதாக எழுதப்பட்ட அந்த நான்கு வரிகளை இருமுறை படித்தான். மாதம் ஒருமுறை அவ்வழியே போகும்போது பட்டறைக்குள் எட்டிப்பார்ப்பது இப்போது நம் வழக்கமாகியிருக்கிறது. அவன் வரைபடம் படிக்கும் இடத்திற்கு இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்.