எட்டு ரூபா நாற்பது சதம்

புத்தளத்தின் வரலாற்றை எழுதுவோர் உப்பளத்திலிருந்து தொடங்குவர். இன்னும் பின்னோக்கிச் செல்வோர் இபுனு பதூதாவிடம் போய் நிற்பர். 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அந்த மொரோக்கோப் பயணியின் கப்பலைக் காற்று திசைமாற்றி இக்கரைக்குக் கொண்டுவந்தது. அவர் 'பத்தாலா' என்று குறிப்பிடும் ஊர் புத்தளமே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அங்கே அவர் கண்ட மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி. யாழ்ப்பாண இராச்சியத்தின் தமிழ் அரசன். பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று மட்டும் பயணி கேட்டார். மன்னன் பல்லக்குக் கொடுத்தான்; துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் அனுப்பினான்; உணவுப் பொருட்களைச் சுமப்பதற்குப் பதினைந்து ஆட்களையும் கொடுத்தான்.

அந்நியனாக வந்திறங்கிய ஒரு முஸ்லிமுக்குத் தமிழ் மன்னன் ஒருவன் வழிச்செலவு கொடுத்த கரை அது. 646 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கரைக்கு வந்து சேர்ந்தவர்களின் கையில் என்ன இருந்தது, அதை வைத்து அவர்கள் எப்படிக் குடும்பம் நடத்தினர், யார் உதவினர், அந்த உதவியின் விலையை யார் கொடுத்தனர் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

கையிருப்பு

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். மாதத்தின் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கிய வெளியேற்றம், மாத இறுதியில் மன்னார்த் தீவையும் பெருநிலப்பரப்பையும் கடந்து, 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் முடிந்தது. யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வெளியேற்றப்பட்டோரின் மொத்தத் தொகை ஏறக்குறைய 75,000 என்று மதிப்பிடப்படுகிறது.

எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. மன்னாரில் குடும்பத்துக்கு 2,000 ரூபாவும் ஒரு பவுன் நகையும் சில உடுப்புப் பைகளும் அனுமதிக்கப்பட்டன என்றும், யாழ்ப்பாணத்தில் பலருக்கு 150 ரூபாவும் மாற்றுடையுமே விடப்பட்டன என்றும் பதிவுகள் கூறுகின்றன. கடை, வீடு, காணி, தோணி, வலை, மாடு எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. பலரிடம் காணி உறுதிகூட இருக்கவில்லை.

மன்னார்த் தீவினர் படகுகளில் கற்பிட்டியில் வந்திறங்கினர். யாழ்ப்பாணத்தவர் வவுனியா வழியாகத் தரைமார்க்கமாக வந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேசங்களிலும் அவர்கள் குடியமர்ந்தனர்.

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி புத்தளம் மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 4,92,000. அதில் முஸ்லிம்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கினர். அதாவது, ஐம்பதாயிரம் அளவினரான ஒரு சமூகத்தின் வாசலுக்கு, சில வாரங்களுக்குள் அதே அளவினரான இன்னொரு சமூகம் வந்து நின்றது. ஐந்து பேருக்குச் சமைக்கும் வீட்டுக்குத் திடீரென்று இன்னும் ஐந்து பேர் வந்துவிட்டதாக எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் உதவி

முதலில் வந்தது அரசாங்கத்தின் உதவியன்று. சர்வதேச நிறுவனங்களின் உதவியும் அன்று. அயலவரின் சோறுதான் முதலில் வந்தது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. தென்னந்தோட்ட உரிமையாளர்கள் தங்கள் காணிகளில் குடிசை போட இடம் கொடுத்தனர். ஆலங்குடாவிலும் நுரைச்சோலையிலும் தில்லையடியிலும் நாகவில்லுவிலும் அப்படித்தான் முகாம்கள் முளைத்தன.

புத்தளத்து மண்ணும் தன்னால் இயன்றதைக் கொடுத்தது. கிடுகு முடைய ஓலை அங்கே தாராளம். மட்டையும் பாளையும் சிரட்டையும் அடுப்புக்கு விறகாயின. கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் சில அடி தோண்டினாலே நன்னீர் ஊறும். கூரை, விறகு, தண்ணீர் என்ற மூன்று செலவுகளை இந்தக் கரை ஓரளவு குறைத்துக் கொடுத்தது. ஆனால் கிடுகுக் கூரை ஓரிரு மழைக்காலங்களுக்குமேல் தாங்காது. தற்காலிகம் என்று எண்ணி வேய்ந்த கூரையை ஆண்டுக்காண்டு மாற்றி, இருபது ஆண்டுகள் கழித்த குடும்பங்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் மலிவான கூரையே மிகவும் விலைகூடிய கூரையாகிவிடுகிறது.

நிவாரணக் கணக்கு

இலங்கையருக்கு உணவு அட்டை புதிதன்று. 1942 இல், யுத்த காலத்தில், பங்கீட்டு அரிசி வந்தது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடே கொந்தளித்தது, ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1979 இல் உணவு முத்திரை வந்தது. அரிசியின் விலை ஓர் அரசாங்கத்தையே அசைக்கும் என்பதை நன்கு அறிந்த நாடு இது.

ஆனால் அகதியின் அரிசி எந்த அரசாங்கத்தையும் அசைக்கவில்லை. அரிசி, மா, பருப்பு, சீனி என உலர் உணவாகக் கொடுக்கப்பட்ட நிவாரணத்தின் பெறுமதி, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா என்று வரையறுக்கப்பட்டிருந்தது. இதைப் பிரித்துப் பார்ப்போம். தலைக்கு மாதம் 252 ரூபா. நாளுக்கு எட்டு ரூபா நாற்பது சதம்.

இந்தத் தொகையைவிட, அது ஏறாமல் நின்றதுதான் பெரிய கொடுமை. விலைவாசி உயர்ந்துகொண்டே போனது. 1,260 ரூபா பல்லாண்டுகளாக 1,260 ரூபாவாகவே இருந்தது. ஆண்டுக்குப் பத்து வீதம் விலை ஏறினால், ஏழு ஆண்டுகள் கடந்ததும் ஒரு தொகையின் பெறுமதி ஏறக்குறைய பாதியாகிவிடும். பதினான்கு ஆண்டுகளில் கால்வாசி. உதவியை யாரும் வெட்டவில்லை. வெட்டுவதாக எவரும் அறிவிக்கவும் இல்லை. அது தானாகவே தேய்ந்து போயிற்று.

சிக்கனத்தின் எல்லை

வருமானம் குறைந்தால் செலவைக் குறை என்பது எல்லோரும் சொல்லும் புத்திமதி. செலவில் குறைப்பதற்கு ஏதேனும் மிஞ்சியிருப்பவருக்கே அது பொருந்தும். நாளுக்கு எட்டு ரூபா நாற்பது சதத்தில் எதைக் குறைப்பது?

ஆகவே, குடும்பங்கள் வேறு வழிகளைத் தேடின. வடக்கில் கூலி வேலைக்குப் போய் அறியாத பெண்கள் கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களில் களை பிடுங்கினர். ஆண்கள் உப்பளத்துக்கும் மீன்வாடிக்கும் போயினர். கடை வைத்திருந்தவர்கள் மிதிவண்டியில் துணியும் சாமானும் கொண்டுபோய் விற்றனர். ஆனால் மழைக்காலத்தில் உப்பு விளையாது. கடல் கொந்தளித்தால் மீன் இல்லை. வேலை உள்ள மாதங்களில் அடைக்கலாம் என்ற நம்பிக்கையில், வேலையில்லாத மாதங்களில் கடைக்காரரின் கொப்பியில் கடன் ஏறும். பெண்கள் சீட்டுப் பிடித்தனர். நகை இருந்தவர்கள் அடகு வைத்தனர். எதுவும் இல்லாத வீடுகளிலிருந்து இளம் பெண்கள் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர்.

இத்தனை பாடும் வயிற்றுக்காக மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. வடபுலத்து முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கொடுத்துத் திருமணம் செய்துவைப்பது வழக்கம். மகள்மாருக்கென்று கட்டிய வீடுகள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிடந்தன. மகள்மாரோ முகாமில் வளர்ந்தனர். சீட்டுக் காசும் வெளிநாட்டுக் காசும் சேர்த்துப் புத்தளத்தில் ஒரு துண்டுக் காணி வாங்குவதே பல குடும்பங்களின் இலட்சியமாயிற்று. அரைவயிறு உண்டு காணி வாங்கினார்கள் என்றால், அதில் ஊதாரித்தனம் எதுவுமில்லை. அவர்களுக்கு அதுவே எதிர்காலம்.

உதவியவரின் செலவு

வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி இது. வந்தவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது. வரவேற்ற ஏழைகளுக்கு அது கிடைக்கவில்லை. வேலைக்கு ஆட்கள் பெருகியதால் கூலி ஏறாமல் நின்றது. காணி விலை உயர்ந்தது. வைத்தியசாலையில் வரிசை நீண்டது. பாடசாலைகளில் உள்ளூர்ப் பிள்ளைகள் காலையிலும் அகதிப் பிள்ளைகள் மாலையிலும் படித்தனர். தொழில் வாய்ப்புகளிலும் கல்வி வாய்ப்புகளிலும் போட்டி வந்தது. முதல் மாதத்தில் சோற்றைப் பகிர்ந்துகொண்ட அயலவர்களிடையே, பத்தாவது ஆண்டில் மனக்கசப்பு எழுந்ததென்றால், அதைக் குணக்கேடு என்று சொல்லிவிட முடியாது. விருந்தோம்பல் ஒரு முதல். எடுத்துக்கொண்டே இருந்து எவரும் திருப்பி இடாவிட்டால் அதுவும் கரையும்.

இதனைக் கூர்ந்து கவனித்தவர்கள் இருந்தார்கள். மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியற் பேராசிரியராக விளங்கிய எஸ்.எச். ஹஸ்புல்லா, தம் மக்களின் இழப்பைப் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பதிவு செய்தார். 2018 இல் மறைந்தார். நோர்வேயில் பணியாற்றிய புவியியலாளர் கத்ரின் புருண், அகதிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையிலான உறவை ஆராய்ந்தார். அவர்களுடைய உழைப்பு இல்லாதிருந்தால் இந்த அடுப்படிக் கணக்குகளில் பெரும்பகுதி அழிந்தே போயிருக்கும்.

அட்டையும் அடையாளமும்

நிவாரண அட்டைக்கு எழுதப்படாத நிபந்தனை ஒன்று உண்டு. அகதியாக இருக்கும்வரைதான் அரிசி. புத்தளத்தவராக மாறினால் வடக்கின் மீதுள்ள உரிமை போய்விடுமோ என்ற அச்சம். வடக்கத்தவராகவே இருந்தால் புத்தளத்தில் உரிமை இல்லையே என்ற கவலை. பலர் வாக்குரிமையைச் சொந்த ஊரிலேயே வைத்திருந்தனர். 2019 நவம்பர் 16 ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் நாளன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. நல்லவேளையாக உயிரிழப்பு ஏற்படவில்லை. வெளியேற்றப்பட்டு 29 ஆண்டுகள் கடந்த பின்னரும் ஒரு வாக்கைப் போட இத்தனை தூரம் போகவேண்டியிருந்தது என்பதையே அந்தச் செய்தியில் நான் கவனித்தேன்.

2007 இல் உலக வங்கி புத்தளம் வீடமைப்புத் திட்டத்துக்கு 32 மில்லியன் டொலர் வழங்க இணங்கியது. இடம்பெயர்ந்தோருடன் வரவேற்ற ஊர்களின் ஏழைகளையும் அது சேர்த்துக்கொண்டது. உதவியவனுக்கும் செலவு உண்டு என்பதைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னராவது ஏற்றுக்கொண்டதாலேயே அத்திட்டம் முக்கியமானது. அதில் வீடு பெறுவதற்குக் காணி வேண்டும். அரைவயிறு உண்டு வாங்கிய அந்தத் துண்டுக் காணிகள் அப்போதுதான் கைகொடுத்தன.

2009 இல் யுத்தம் முடிந்தது. திரும்பிப் போகலாம் என்றனர். ஆனால் யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் இடம்பெயர்ந்தோரே 'புதியவர்கள்' என்று முன்னுரிமை பெற்றனர். 1990 ஆம் ஆண்டினர் 'பழையவர்கள்' என்று பின்னால் தள்ளப்பட்டனர். வன்னியில் எல்லாம் இழந்து வந்த தமிழ் மக்களின் தேவை பெரிது, அதில் ஐயமில்லை. எனினும் பழைய துயரம் என்று ஒன்று இருக்கிறதா? திரும்பிப் போன இடத்தில் காடு மண்டியிருந்தது; வீட்டுச் சுவர்கள் இடிந்திருந்தன. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், தகப்பனின் காணி மன்னாரில். ஒரே குடும்பத்துக்கு இரண்டு அடுப்புகள், நடுவில் பஸ் செலவு. திரும்பிப் போவதாகப் பதிந்தவர்கள் புத்தளத்தில் இடம்பெயர்ந்தோர் என்ற தகுதியை இழந்தனர். போக முடியாதவர்களைப் பார்த்து, "இவர்களுக்குப் போக விருப்பமில்லை" என்றனர்.

நாம் கற்க வேண்டியது

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்றது. நடுத்தர வர்க்கம் முதல் தடவையாக விறகைத் தேடியது. ஒருவேளை உணவைத் தவிர்த்தது. பத்திரிகைகள் சிக்கனக் குறிப்புகளை வெளியிட்டன. புத்தளம் கரையில் முப்பது ஆண்டுகளாக எழுதப்பட்டிருந்த பாடத்தை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பாடம் எளியது. சிக்கனம் ஓர் எல்லைவரைதான் செல்லும். அதற்கப்பால் உதவியே உயிர்காக்கும். உதவியை ரூபாவில் வரையறுத்து, விலைவாசியை மறந்துவிட்டால் அது சில ஆண்டுகளில் வெறும் அட்டையாகிவிடும். ஏழை ஏழையைத் தாங்கும்போது தாங்குபவனையும் யாராவது தாங்க வேண்டும். உதவி பெறுவதற்காக ஒருவன் என்றென்றும் அகதியாகவே இருக்க நேரிடுமானால், அந்த உதவி அவனை எழுந்து நிற்க விடாது.

நான்காவதாக ஒன்றையும் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், வெளியேற்றம் தவறு என்பதை அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். அரசியல் அத்துடன் அந்த விடயத்தை முடித்துக்கொண்டது. குடும்பக் கணக்கு அப்படி முடியவில்லை. கடைக்கொப்பியிலும் அடகுச் சீட்டிலும் ஆண்டுதோறும் மாற்றிய கிடுகிலும் அது ஏறிக்கொண்டே போயிற்று. 1344 இல் ஒரு பயணிக்குச் சோறு சுமக்கப் பதினைந்து ஆட்களைக் கொடுத்தவன் எங்கள் மன்னன் என்று பெருமை பேசுகிற நாம், 1990 இல் எங்கள் பெயரால் 150 ரூபாவுடன் அனுப்பப்பட்டவர்களின் கணக்கையும் எங்கள் வரலாற்றிலேயே எழுதிவைக்க வேண்டும். அது முஸ்லிம்களின் வரலாறு மட்டுமன்று.