மேல்தாடையை நகர்த்தும் அளவு: கோணமா, பல்லா?

மேல்தாடையைப் பல்வேர்களுக்கு மேலே கிடைவாட்டில் அறுத்து இடம்மாற்றும் அறுவை, 1901-இல் ரெனே லெ ஃபோர்ட் சடலங்களின் தலைகளில் சோதித்துக் கண்ட எலும்புமுறிவுக் கோடுகளுள் கீழ்க்கோட்டை ஒட்டிச் செல்வதால் லெ ஃபோர்ட் 1 எனப்படுகிறது. தாடையை முழுதாக விடுவித்து நகர்த்தும் வழியை 1960-களில் ஹியூகோ ஒப்வேகெசர் நிலைநிறுத்தியதும், அண்ணத்தின் மென்திசு ஒட்டியிருக்கும்வரை அறுபட்ட எலும்புக்கு இரத்தம் கிடைக்கும் என வில்லியம் பெல்லின் குரங்காய்வுகள் காட்டியதும், நகர்த்த இயலுமா என்ற ஐயத்தைப் போக்கி, எவ்வளவு நகர்த்துவது என்ற வினாவை முன்னிறுத்தின.

அவ்வினாவுக்கு விடையாக ஒரு கோணத்தை மட்டும் காட்டும் பழக்கம் ஏற்கத்தக்கதன்று. பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயில், பிட்யூட்டரி சுரப்பி தங்கும் குழியின் மையத்தையும் மேல்தாடை முன்குழிவின் ஆழப் புள்ளியையும் மூக்கெலும்பு நெற்றியெலும்போடு சேரும் புள்ளியோடு இணைத்தால் உண்டாகும் கோணம் சராசரியாக 82 பாகை என்பது ஸ்டெய்னரின் அளவுகோல். ஆனால் அந்தக் குழி சற்றுத் தாழ்ந்து அமைந்தவரிடம், தாடை உரிய இடத்திலேயே இருந்தாலும் கோணம் குறைந்துவிடும். கோணத்தை மட்டும் நம்பினால், முன்தள்ளத் தேவையில்லாத தாடை முன்தள்ளப்படும். வெள்ளை அமெரிக்கரின் முகங்களை வைத்து வகுத்த சராசரியைப் பிற மக்களின் முகங்களுக்கு அப்படியே பொருத்துவதும் இதே வகைப் பிழை.

திட்டம் தொடங்க வேண்டிய இடம் மேல் வெட்டுப்பல். உதடுகள் தளர்ந்திருக்கையில் அப்பல் மேலுதட்டுக்குக் கீழே 2 முதல் 4 மில்லிமீட்டர் தெரிவது இளமையில் இயல்பு. வயதேற அது குறையும். பல் உரிய அளவு தெரியத் தாடையை எந்த உயரத்தில் வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யாமல் முன்னகர்வை முடிவு செய்ய முடியாது. ஏனெனில் மேல்தாடையை உயர்த்தும்போது கீழ்த்தாடை தன் மூட்டைச் சுற்றி மேலும் முன்னும் சுழல்கிறது, மோவாயும் முன்வருகிறது. மேல்தாடை பின்தங்கிய ஒருவருக்கு உயரத்தைக் கருதாமல் 4 மில்லிமீட்டர் முன்னகர்வு போதும் எனக் கணித்தபின், உயர்த்தவும் நேர்ந்தால், அந்த 4 போதாமல் போகும். அறுவைக்கு முன்பே பற்சீரமைப்பால் வெட்டுப்பல்லின் சாய்வைத் திருத்தாவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் தடம் புரளும்.

எலும்பு நகரும் அளவுக்கு உதடு நகர்வதில்லை; மூக்கின் அடியும் விரிகிறது. நகர்த்திய இடத்தில் எலும்பு நிலைப்பதும் திசைக்கேற்ப மாறும்: உயர்த்திய தாடை நன்கு நிலைக்கும், தாழ்த்தியது கடிவிசையால் மீண்டும் மேலேற முனையும், ஆகவே இடைவெளியில் எலும்பு ஒட்டு வைப்பதுண்டு.

பிளவு அண்ணத்தோடு பிறந்து சிறுவயதில் தைக்கப்பட்டவர்களிடம் இக்கணக்கு மிகக் கடுமையாகிறது. அவர்களது அண்ணத் தழும்பு தாடையைப் பின்னிழுக்கும். தாடை முன்செல்லும்போது மென் அண்ணமும் உடன்செல்வதால், தொண்டையின் பின்சுவரைத் தொட இயலாமல் பேச்சில் மூக்கொலி கூடக்கூடும். 10 மில்லிமீட்டரை ஒட்டியோ மிஞ்சியோ முன்னகர்வு தேவைப்படும்போது, அறுத்த எலும்பை நாள்தோறும் சிறிது சிறிதாக விலக்கி வளர்க்கும் முறையோ, கீழ்த்தாடையைச் சற்றுப் பின்தள்ளி இடைவெளியைப் பகிர்வதோ கருதப்படுகிறது; ஆனால் பின்தள்ளல் மூச்சுப்பாதையைக் குறுக்கக்கூடும். ஆகவே அத்தகையவரின் பேச்சைச் சோதித்த முடிவு, எக்ஸ்ரேயில் கோடு வரையுமுன்பே திட்டமிடுபவரின் கையில் இருக்க வேண்டும்.