தெரு, கிணறு, குழாய்: கரிசல் சீமையில் ‘பொது’ என்ற சொல்லின் வரலாறு

ஒரு நகராட்சி வளர்ந்த கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலைவர்களின் பட்டியலையும் திறப்புவிழாக் கல்வெட்டுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இன்னார் காலத்தில் தார்ச்சாலை, இன்னார் காலத்தில் தண்ணீர்த்தொட்டி, இன்னார் காலத்தில் பூங்கா. கல்லில் பெயர் இருப்பவர்களுக்கு அதுவே வரலாறு. அதே தெருவில் நடக்கவிடாமல் விரட்டப்பட்டவர்களுக்கும், அதே சாக்கடைக்குள் இறக்கிவிடப்பட்டவர்களுக்கும் வேறொரு வரலாறு உண்டு. அதை நாம்தான் எழுத வேண்டும்.

கோவில்பட்டி ஆற்றங்கரை ஊர் அல்ல. வானம் பார்த்த கரிசல் பூமி. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓட ஆரம்பித்த பிறகு பருத்தி ஏற்றும் ஊராக, அப்புறம் பஞ்சாலை ஊராக, தீப்பெட்டி ஊராக வளர்ந்தது. 1964-ல் நகராட்சியானது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 95,057. இந்த ஜனத்துக்குக் குடிதண்ணீர், தாமிரபரணிக் கரையில் இருக்கிற சீவலப்பேரியிலிருந்து குழாய்வழியாக வந்து சேர வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தச் சீமையில் நகராட்சி என்றாலே முதலில் தண்ணீர்தான்.

பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தீப்பெட்டி வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள் எங்கள் அம்மாச்சி. கிராமத்து ஊருணியைப் பற்றி அவள் சொல்லுவாள்: “நம்ம எறங்கக் கூடாது. கொடத்த வச்சிக்கிட்டு மேட்டுலயே நிக்கணும். யாராச்சும் மனசு எரங்கி மோந்து ஊத்துனா உண்டு. ஒரு கொடம் தண்ணிக்கு உச்சி சாஞ்சிரும்.” டவுனுக்கு வந்து முதலில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “கொழாயத்தான். திருகுனா ஆரையும் கேக்காம தண்ணி வந்துச்சுய்யா” என்றாள். ரயிலைச் சொல்லவில்லை, சினிமாக் கொட்டகையைச் சொல்லவில்லை. ஒரு தெருக்குழாய் ஒரு தலித் பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்பது எந்த நகராட்சி மலரிலும் அச்சாகவில்லை.

ஆனால் அந்தக் குழாய் தானாக முளைத்ததல்ல. ‘பொது’ என்கிற சொல்லுக்காக இந்த மண்ணில் ரத்தம் சிந்தியிருக்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் கழுகுமலை. எட்டயபுரம் ஜமீன் ஆட்சி செய்த ஊர். அங்கே தேரோடும் வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் போகக் கூடாது என்று தடுத்தார்கள். வீதி கோயிலுக்கும் ஜமீனுக்கும் உரியது, எல்லாருக்கும் பொதுவானதல்ல என்பது தடுத்தவர்களின் வாதம். வழக்கு நடந்தது, மதமாற்றம் நடந்தது, 1895-ல் பங்குனித் தேரின்போது கலவரம் மூண்டு உயிர்கள் போயின. நடக்கிற தெரு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விதான் அதன் அடியில் கிடந்தது. கையில் வியாபாரமும் காசும் இருந்ததால் நாடார்கள் தமக்கென்று பேட்டையும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொள்ள முடிந்தது. அவர்களுக்கும் கீழே அழுத்தப்பட்டுக் கிடந்த பள்ளர், பறையர், அருந்ததியருக்கு அப்படிக் கட்டிக்கொள்ளக் காசு ஏது? அவர்களுக்கு இருந்த ஒரே வழி, அரசாங்கப் பணத்தில் ஆனது எல்லாருக்கும் உரியது என்று வாதாடி வாங்குவது.

அந்த வாதத்தைச் சட்டசபைக்குள் வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் இவற்றை எந்தச் சாதியார் பயன்படுத்தவும் தடையில்லை என்ற அவருடைய தீர்மானம் 1924-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பிறகு 1938-ல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்த அன்றே கிணறு திறந்துவிட்டதா? இல்லை.

காகிதத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தை மகத் நகராட்சி நமக்குக் காட்டியது. பம்பாய்ச் சட்டசபையில் 1923-ல் போலே கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, சவதார் குளம் எல்லாருக்கும் பொது என்று 1924-ல் அந்த நகராட்சியே தீர்மானம் போட்டது. மூன்று வருஷம் ஒருவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்க் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். திரும்பியவர்களை அடித்தார்கள். குளத்துக்குத் ‘தீட்டு’க் கழித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. 1937-ல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது. தீர்மானம் போட்ட கை அதை அழிக்கவும் செய்யும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவை எடுத்துப் பாருங்கள். கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் என்று வரிசையாகச் சொல்கிறது. ஒரு நகராட்சி செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் மாதிரியே இருக்கும். மகத்தில் அடிபட்டவர்களின் அனுபவம் அந்த வரிகளில் இருக்கிறது. ஆகவே தெருவிளக்கும் பூங்காவும் கழிப்பறையும் யாரோ தலைவர் போடும் பிச்சை அல்ல.

இப்போது கரிசலுக்கே வருவோம். கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து ஊதும். இந்த மண்மேல் நேரடியாகத் தார் ஊற்றினால் ரோடு நிற்காது. மண்ணைத் தோண்டி எடுத்து, சரள் கொட்டி இறுக்கி, ஓரத்தில் வடிகால் விட்டுப் போட்டால்தான் நிற்கும். மண் அசையும்போது குழாயின் இணைப்பும் விடும். குடிதண்ணீரில் சாக்கடை கலப்பது இப்படித்தான். எந்தத் தெருவுக்குச் சரள் விழுகிறது, எந்தத் தெருவுக்குச் சும்மா மேல்பூச்சு விழுகிறது என்று ஒவ்வொரு ஊரிலும் நடந்து பார்க்கச் சொல்கிறேன். காலனிக்குள் ரோடு முடிகிற இடத்தை நம் காலே காட்டிக்கொடுக்கும். ஐப்பசி அடைமழையில் பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சகதிக்குள் நடந்தவர்களுக்கு இது விளங்கும்.

‘சுத்தமான நகரம்’ என்று பெயர் வாங்குகிறார்கள். சுத்தம் செய்கிற கை யாருடையது? இந்தப் பக்கத்து ஊர்களில் பெரும்பாலும் அருந்ததியருடையது. உலர்கழிப்பிடத்தையும் மலம் அள்ளுவதையும் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். சாக்கடைக்குள் செத்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நின்றபாடில்லை. தமிழக அரசு 2020-ல் ‘தூய்மைப் பணியாளர்’ என்று பெயரை மாற்றியது. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் வேலையைக் காண்ட்ராக்ட்காரனிடம் தள்ளிவிட்டு, கையுறையும் கொடுக்காமல், பெயரை மட்டும் கொடுத்தால் அந்தப் பெயரை வைத்து என்ன செய்ய?

பொதுச்சொத்து நம் கைக்கு வந்தபிறகும் அதை விட்டுவைக்க மனம் வருவதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று இதே கரிசல் சீமையின் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது. குடிக்கிற கிணற்றையும் நாசமாக்கினார்கள் என்பது அந்த மக்களின் சாட்சியம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. இரண்டுக்கும் நடுவில் 27 வருஷம். ஊருணிக் கரையில் எங்கள் அம்மாச்சி நின்ற நாளிலிருந்து தண்ணீர்தான் நம்மை அடிக்க எடுக்கிற ஆயுதமாக இருக்கிறது.

அதனால்தான் மன்றத்துக்குள் நாம் உட்கார்ந்திருப்பது முக்கியம். 74-வது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்து நகராட்சிகளில் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டை உறுதி செய்தது. சேரி மேம்பாடு, துப்புரவு, சுடுகாடு எல்லாம் நகராட்சியின் பொறுப்புகளாக எழுதப்பட்டன. ஆனால் தமிழ்நாட்டு நகராட்சிகளில் 2016 முதல் 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. அதிகாரிகளே ஆண்டார்கள். அந்த வருஷங்களில் காலனித் தெருவுக்காகக் கேள்வி கேட்க மன்றத்தில் ஒரு நாற்காலிகூட நமக்கு இல்லை.

நாம் செய்ய வேண்டியது பெரிய ஆராய்ச்சி அல்ல தோழர்களே. உங்கள் ஊர் மன்றத்தின் தீர்மான நோட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த வார்டுக்கு எந்த வருஷம் குழாய் போனது, ரோடு போனது, விளக்கு போனது என்று எழுதுங்கள். சேரிக்கு எத்தனை வருஷம் கழித்துப் போனது என்று பக்கத்தில் எழுதுங்கள். சாக்கடையில் செத்தவர்களின் பெயரை அவர்களுடைய வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் தண்ணீருக்கு நின்ற கதையைக் கேட்டு எழுதுங்கள். எங்கள் அம்மாச்சியிடம் நான் பிந்தித்தான் கேட்டேன். அவள் கும்பிட்டுக்கொண்டு நின்றது எந்தக் கரை, ஊற்றியவர் யார், ஊற்றாமல் போனவர் யார் என்று எழுதி வைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.