வேட்டை விடுதியும் வேலைக்காரர் காதும்

பெரிய கம்பெனிக்காரர்கள் ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் இரண்டு மூன்று நாள் கூடிப் பேசுவதற்கு 'ரிட்ரீட்' என்று பெயர். இயற்கையோடு இருக்கிறார்களாம். இவற்றில் மிகப் புகழ்பெற்றது, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜெகில் தீவில் 1910 நவம்பரில் நடந்த கூட்டம். பொருளாதாரம் படிக்கும் தோழர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அந்தத் தீவின் கதையை நாம் 1910-லிருந்து தொடங்க முடியாது.

1858 நவம்பர் 28 அன்று 'வாண்டரர்' என்ற கப்பல் அங்கே ஒதுங்கியது. பணக்காரர்களின் உல்லாசத்துக்கென்று கட்டி, பிறகு அடிமைக் கப்பலாக மாற்றிய படகு அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதற்கு அமெரிக்காவில் 1808-லேயே தடை. ஐம்பது ஆண்டு கழித்தும் கொண்டுவந்தார்கள். ஏற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 490 பேர். உயிரோடு இறங்கியவர்கள் ஏறக்குறைய 400 பேர். வழக்கு நடந்தது, அடிமை வணிகத்துக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. தீவு அப்போது டு பிக்னான் என்ற தோட்ட முதலாளிக் குடும்பத்தின் சொத்து. அவர்களை இறக்க உடந்தையாக இருந்தவர்களும் அந்தக் குடும்பத்தார்தான்.

அதே குடும்பத்து வாரிசு 1886-ல் தீவை 1,25,000 டாலருக்கு வடக்கத்திப் பெருமுதலாளிகளின் வேட்டைக் கழகத்துக்கு விற்றார். ஜே.பி. மார்கன், வில்லியம் ராக்கஃபெல்லர், ஜோசப் புலிட்சர் எல்லாம் உறுப்பினர்கள். எளிமையாக வாழ வந்தவர்கள் என்பதால் தங்கள் வீடுகளைக் 'காட்டேஜ்' என்றார்கள். அப்படி ஒரு குடிலில் 17 குளியலறைகள்! (இது குடில் என்றால் நம் சேரி வீடுகளை என்னவென்று சொல்வது?) அங்கே உழைத்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு 'ரெட் ரோ' என்று தனி வரிசை வீடுகள்.

1910-ல் செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச், வங்கியாளர்கள் பால் வார்பர்க், ஃபிராங்க் வாண்டர்லிப், ஹென்றி டேவிசன் உள்ளிட்டோர் வாத்து வேட்டைக்குப் போகிறோம் என்று சொல்லித் தனி ரயில் பெட்டியில் கிளம்பினார்கள். அந்த விடுதியில் உட்கார்ந்து எழுதிய திட்டத்தின் பெரும்பகுதிதான் 1913-ன் ஃபெடரல் ரிசர்வ் சட்டத்தில் போய்ச் சேர்ந்தது. ஒருவர் இன்னொருவரின் குடும்பப் பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்களாம். பின்னாளில் வாண்டர்லிப்பே எழுதியிருக்கிறார். பத்திரிகைக்காரர்களுக்கு மட்டுமல்ல, வேலைக்காரர்களுக்கும் பயந்துதான் அது. நாட்டின் பணத்தை யார் ஆள்வது என்று பேசியபோது, தட்டு எடுத்து வந்தவரிடம் கருத்துக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குக் காது உண்டு என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், கழகம் மூடப்பட்டது. 1947-ல் மாநில அரசு தீவை வாங்கிப் பொதுமக்களுக்கான பூங்கா ஆக்கியது. எந்தப் பொதுமக்கள்? வெள்ளையர் மட்டும். கறுப்பின மக்கள் விடாமல் கேட்ட பிறகு 1950-ல் தென்கோடியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையை அவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். ஒதுக்குப்புறத்தைக் கொடுத்துவிட்டு உரிமை கொடுத்ததாகச் சொல்வது நமக்குப் புதிதல்ல. வாண்டரரில் வந்தவர்கள் இறக்கப்பட்டதும் அதே தென்பகுதியில்தான். தீவு முழுவதும் எல்லோருக்கும் திறக்க 1964-ல் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

கழக மாளிகை இன்று ஹோட்டல். கம்பெனிக் கூட்டங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும். 2010 நவம்பரில், அந்த ரகசியக் கூட்டத்தின் நூற்றாண்டை ஒட்டி, ஃபெடரல் ரிசர்வ் அதிகாரிகள் ஜெகில் தீவில் கருத்தரங்கு நடத்தினார்கள். இந்த முறை பெயரை மறைக்கவில்லை. வாண்டரரில் வந்தவர்களுக்கான நினைவிடம் தென்கோடியில், செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையில் இருக்கிறது.